கோட்டிங்கனில் நிறுத்தாமல் போவது எப்படி

1

ஊரிலிருந்து என்னோடு கதைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அங்க நல்ல குளிரோ?" இரண்டாவது, "உந்த நாடுகள் எல்லாம் சுத்திப் பாத்திட்டியளோ?" முதலாவதுக்கு ஓம் என்று சொல்லிவிடுவேன். இரண்டாவதுக்கும் ஓம்தான், ஆனால் அந்த ஓம் கொஞ்சம் நொண்டும். பாரிஸ், லண்டன், கோப்பன்ஹேகன், ஒஸ்லோ என்று போகாத இடமில்லை. போய்ப் பார்த்தது என்ன என்று கேட்டால், ஒரு புதுவீடு குடிபூரல், இரண்டு சாமத்தியவீடு, நாலைந்து கலியாணம், ஒரு அந்தியேட்டிச் சடங்கு. ஒஸ்லோவில் கடல் இருக்கிறது என்று திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இதை எழுத இருந்ததற்குக் காரணம் ஒரு பயணம். இன்னும் வெளிக்கிடவில்லை, பைகூட அடுக்கவில்லை. அதற்குள் நெஞ்சில் பாரம் ஏறிவிட்டது. ஆரிடமாவது சொன்னால்தான் இறங்கும் போல இருக்கிறது.

நாங்கள் இருப்பது சோலோதுர்னில். மாரி வந்தால் ஆற்றின் மேல் ஏறுகிற பனிப்புகார் இரண்டு மூன்று கிழமைக்கு இறங்காது. அப்படி ஒரு புகார் நாளில் மகள் அபி எங்களைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து இருத்தினாள். அவள் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. தம்பி கௌதம் மின்சார வேலை பழகி முடிக்கிறான். இரண்டு பேரும் தங்களுக்குள் சுவிஸ் ஜேர்மனில்தான் கதைப்பார்கள். எங்களோடு தமிழ். முக்கியமான விசயம் என்றால், தமிழைக் கொஞ்சம் கூட்டிக் கழுவித் துடைத்துக் கதைப்பார்கள்.

"அம்மா, அப்பா, கேளுங்கோ. வாற ஆவணியில உங்களுக்குக் கலியாணம் முடிச்சு இருபத்தைஞ்சு வருசம். ஹோல் எடுத்து, மேடையில கதிரை போட்டு இருத்தி, கேக் வெட்டுற விளையாட்டு ஒண்டும் வேண்டாம். ஜூலையில நாலு பேரும் காரில போறம். ஜேர்மனி, டென்மார்க், சுவீடன், பிறகு நோர்வேயின்ர உச்சி மட்டும். காசு எங்கட."

இவர், என் மனுசன், சோற்றுக் கோப்பையோடு அப்படியே இருந்தார். கண் கலங்கிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, யோசிக்கிறார்.

"நோர்வே உச்சியில ஆற்ற வீடு இருக்கு?" என்றார்.

கௌதம் சிரித்து விழுந்தான். அபி சிரிக்கவில்லை. "அதுதான் அப்பா. அதுதான் எங்கட ஒரேயொரு கண்டிசன். ஆற்ற வீடும் இல்லை."

2

உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சுவிஸ்காரர் பயணம் போகிறதென்றால் வரைபடத்தை விரிப்பார்கள். நாங்கள் ரெலிபோனை எடுப்போம். எந்த ஊரில் ஆர் இருக்கிறார், அவர் வீட்டில் எத்தனை அறை, அவரோடு இப்போது கதையோ கோபமோ, இதெல்லாம் பார்த்துத்தான் எங்கள் பாதை வளையும். ஒருமுறை ஹொலண்டுக்குப் போக, பெல்ஜியத்தால் போனால் கிட்ட என்று காரில் வழி சொல்லுகிற கருவி சொன்னது. இவர் ஜேர்மனியைச் சுற்றித்தான் போனார். பெல்ஜியத்தில் இருக்கிற சித்தப்பாவின் மகனோடு காணிப் பிரச்சினை.

பாதைக்கு விதிகளும் உண்டு. ஒரு ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த ஊரில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டில் தேத்தண்ணியாவது குடிக்கவேண்டும். குடித்ததை முதல் வீட்டில் சொல்லக்கூடாது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பழமொழி சொன்னவருக்குக் கட்டாயம் ஐரோப்பாவில் சொந்தக்காரர் இருந்திருக்கவேண்டும்.

பிள்ளைகளின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அபி அன்றைக்கு விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"ஐஃபில் கோபுரம் நான் காருக்குள்ள இருந்து பாத்தனான். அதுவும் அப்பா வழி மாறிப் போனபடியால். ஹொலண்டில என்ன பாத்தனி எண்டு ரீச்சர் கேட்க, சாமத்தியவீட்டில ஒரு அக்காவுக்குத் தண்ணி வாத்ததைப் பாத்தனான் எண்டு சொன்னனான். வகுப்பு முழுக்கச் சிரிச்சது. எனக்கு ஐரோப்பா எண்டால் என்ன தெரியுமோ? கார்ப்பெற். சிவப்புக் கார்ப்பெற், நீலக் கார்ப்பெற், கறி மணக்கிற கார்ப்பெற். எல்லாத்திலயும் வரிசையாப் படுத்திருக்கிறன்."

"குறட்டை விடுற மாமாக்களுக்குப் பக்கத்தில" என்றான் கௌதம்.

நாங்களும் சிரித்தோம். இவர் "சரி, பிள்ளையள் ஆசைப்படுதுகள்" என்று உடனே சம்மதித்துவிட்டார். அவ்வளவு கெதியாகச் சம்மதிக்கிற ஆள் இல்லை.

பிறகு அபி தன் ரெலிபோனில் பாதையைக் காட்டினாள். முதல் இரவுக்கு ஒரு ஏரிக்கரையில் மரக்குடில் பார்த்திருந்தாள். சோலோதுர்னுக்கும் டென்மார்க் எல்லைக்கும் ஏறக்குறைய நடுவில். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊரின் பெயரை வாசித்தேன்.

"பிள்ளை, இது கோட்டிங்கனுக்குப் பக்கம் எல்லோ!"

"தெரியும் அம்மா. அரை மணித்தியாலம். வேற இடத்தில நிப்பாட்டினால் அப்பாவுக்குக் கனநேரம் ஓடவேணும். அதால மாமிக்குச் சொல்லாமல் இருக்கிறதுதான் நல்லது."

இவர் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினார். சோறு பாதி அதில் இருந்தது.

3

மாமி என்று அபி சொன்னது இவரின் மூத்த அக்காவை. எனக்கு லீலா மச்சாள். கோட்டிங்கனில் ஒரு மாடிவீட்டில் தனிய இருக்கிறா. அவவின் மனுசன், எங்கள் அத்தான், செத்துச் சில வருசம். ஒரே மகன் லண்டனில். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்து இப்போதுதான் பென்சன் எடுத்தவ.

ஐரோப்பாவில் எங்கள் ஆட்கள் வடக்கே போனாலும் தெற்கே வந்தாலும் மச்சாளின் வீடு நடுவில்தான் வரும். அது அவவின் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ தெரியாது. டென்மார்க்கிலிருந்து சுவிஸுக்கு வருகிறவர்கள், பாரிஸிலிருந்து சுவீடனுக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் அங்கே ஒரு இரவு. கட்டிலுக்குக் கீழே மெத்தைகள் அடுக்கி வைத்திருப்பா. பாசலில் எல்லை தாண்டினவுடன் நாங்கள் ஒரு போன் அடிக்கவேண்டும். அந்தப் போனுக்குப் பிறகுதான் அவ இறைச்சியை அடுப்பில் ஏற்றுவா. நாங்கள் போய் இறங்க, புட்டு ஆவி பறக்கும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். மச்சாள் வீட்டில் ஒரு இரவு என்று போனால் மூன்று நாளுக்குக் குறையாது. "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, வெளிக்கிடக் கூடாது." "இண்டைக்கு அட்டமி." "இண்டைக்கு மழைக்குணம்." கடைசியில் போக விட்டால், முதலில் தேசிக்காய்.

ஊரில் புதுக் காருக்குச் செய்கிறதை மச்சாள் ஒவ்வொரு பயணத்துக்கும் செய்வா. நாலு ரயருக்கும் முன்னால் நாலு தேசிக்காய். ஜேர்மன்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிற கார் தரிப்பிடத்தில், முழங்கால் நோவோடு குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக வைப்பா. கார் நசித்துக்கொண்டு போகவேண்டும். நாலாவது நசிபட்ட சத்தம் கேட்காவிட்டால் திருப்பிப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுவா. முதலில் கீழ்வீட்டு ஜேர்மன் மனுசன் முறைப்பாடு சொன்னவராம். பிறகு அவரே புதுக் கார் வாங்கின அன்றைக்கு மச்சாளின் பெல்லை அடித்து, "அந்தப் பச்சைப் பழம் நாலு இருக்குமோ?" என்று கேட்டவராம். இதை மச்சாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. நாங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்த காலத்தில் ஜேர்மனிக்குப் போகவும் விசா வேண்டும். அழைப்புக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் நகரசபை முத்திரை வேண்டும். மச்சாள் வேலைக்கு லீவு எடுத்து, வரிசையில் நின்று, சம்பளத் துண்டைக் காட்டி, முத்திரை குத்தி அனுப்புவா. ஒருமுறை ஒரு எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பவும் லீவு, திரும்பவும் வரிசை.

இப்போது எங்களிடம் சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட். எல்லையில் ஒருவரும் மறிக்கிறதில்லை. எல்லை பூட்டியிருந்த காலத்தில் அவவிடம் போக அந்தப் பாடுபட்டோம். எல்லை திறந்து கிடக்கிற காலத்தில் அவவின் வாசலைத் தாண்டிப் போக வழி தேடுகிறோம்.

4

மச்சாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பா. அந்த மாரியில் ஒரு ஞாயிறு கேட்டா: "என்ன பிள்ளை, ஜூலை லீவுக்கு எங்க?"

"எங்க மச்சாள் போறது. வீட்டோடதான்" என்றேன்.

அவ்வளவு சுளுவாக வந்தது. வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் இவர் நின்றவர், யன்னலுக்கு வெளியே புகாரைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாளின் போன் வருகிற நேரம் பார்த்து அவருக்குக் கார் கழுவுகிற வேலை வந்துவிடும். எங்கள் கார் இந்த வருசம் மினுங்கின மாதிரி எந்த வருசமும் மினுங்கவில்லை.

பொய்யும் பூனைக்குட்டி மாதிரி. ஒன்றை வீட்டுக்குள் விட்டால் பிறகு அதற்குத் தீன் போடவேண்டும். வைகாசியில் அபி சொன்னாள், "அம்மா, நீங்கள் படம் எடுத்து எடுத்து வட்ஸப் ஸ்ரேற்றஸில போடுவீங்கள், மாமி பாப்பா. வாங்கோ, அவவுக்கு மட்டும் தெரியாமல் செய்யப் பழக்கிறன்."

பழக்கினாள். என் ரெலிபோனில் எல்லாருடைய பெயரும் வந்தது. மறைக்கவேண்டிய ஆளின் பெயருக்கு நேரே விரலை வைக்கவேண்டும், ஒரு சரி அடையாளம் விழும். லீலா மச்சாள் என்ற பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக அவவின் படம். அந்தப் படத்தில் இருக்கிறது அவ அல்ல. சின்ன அபியும் கைக்குழந்தை கௌதமும், அவவின் நீலக் கார்ப்பெற்றில் படுத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தின் மேல் என் விரல். அபி அதைப் பார்த்தாளோ தெரியாது. "அமத்துங்கோ அம்மா" என்றாள். அமத்தினேன்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். அங்கே கேர்பர் அம்மா என்று ஒருவர் இருக்கிறார். அவரின் மகன் இருப்பது பீல் நகரத்தில். எங்கடின் என்கிற மலைப்பக்கத்தில் அந்த மகனுக்கு ஒரு விடுமுறை வீடு. மாரிக்குப் பனிச்சறுக்கு, கோடைக்கு மலை நடை. போகிற பெருந்தெரு எங்கள் இல்லத்துக்குப் பின்பக்கத்தால்தான் போகிறது. வருசத்தில் ஒருமுறை உள்ளே வந்தால் பெரிய காரியம்.

ஒருநாள் நான் கட்டில் விரிக்கிற நேரம் கேர்பர் அம்மா மகனோடு போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "சனிக்கிழமை வராதே, எனக்கு அன்றைக்கு முடி வெட்டுகிற நாள்." முடி வெட்டுகிற பெண் புதன்கிழமையில் மட்டும்தான் வருவாள். போனை வைத்த பிறகு நான் நினைவூட்டினேன்.

"தெரியும்" என்றார். "வராமல் இருக்க அவன் ஒரு காரணம் தேடிக் களைக்கிறான். நானே ஒன்று கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் சுகம்."

இதை என்னோடு வேலை செய்கிற செல்விக்குச் சொன்னேன். செல்வி மட்டக்களப்பு. வாய் திறந்தால் பழமொழி. "போற வழியில இருக்கிற வாசலை நாயும் ஒருக்கா மணந்து பாத்துப்போட்டுத்தான் போகும் அக்கா. மனிசருக்கு அதுவுமில்ல" என்றாள். நானும் தலையாட்டி, "ஓமோம், வெள்ளைக்காரற்ற பாசம் அவ்வளவுதான்" என்று சொன்னேன். சொல்லி வாய் மூடமுதல் முகம் சுட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை. குறுகுறுப்பு நெஞ்சில் தொடங்கிக் காது மட்டும் வரும்.

5

போன மாதம் சாமான் வாங்க சூரிச்சுக்குப் போனோம். லாங்ஸ்ட்ராஸப் பக்கம் எங்கள் வழமையான கடை. பயணத்துக்கு மிக்சர், பருத்தித்துறை வடை, மாசிக் கருவாடு, இடியப்ப மா என்று கூடை நிரம்பியது. கடைக்கார அண்ணை கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"தூரப் பயணம் போல."

"நோர்வே அண்ணை" என்றார் இவர். பொய் சொல்லப் பழகாத மனுசன். என் முழங்கை அவரின் விலாவில் பட முதல் சொல்லிவிட்டார்.

"அப்ப அக்காவுக்கு ஒடியல் மா எடுக்கேல்லையோ? ஒவ்வொருமுறையும் ரெண்டு பை கொண்டு போறனீங்கள்."

"இந்தமுறை… அவவிட்ட இருக்காம்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்பார்கள். நான் ஒடியல் மாவில் மறைத்தேன். அண்ணை நல்ல மனுசன், கள்ளம் தெரியாது. அவரின் மனைவியின் தங்கை கோட்டிங்கனில் மச்சாளின் பக்கத்துத் தெரு என்பது ரயிலில் திரும்பி வருகிறபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் ஆட்களின் வாயை மூட அலுமினிய மூடியும் இல்லை.

அந்த ஞாயிறு மச்சாள் எடுத்தா. வழமையான சுகம் விசாரிப்பு. பிறகு, "பிள்ளை, ஒண்டு சொல்லவெல்லோ எடுத்தனான். உந்த ஜூலை ரெண்டாம் கிழமை நான் வீட்டில நிக்கமாட்டன்."

எங்கள் குடில் அந்தக் கிழமைதான்.

"எங்க மச்சாள் போறியள்?"

"இஞ்ச அம்மன் கோயில் தேர் எல்லே. மடப்பள்ளியில உதவிக்கு நிக்கவேணும். அங்கயே தங்கிடுவன். தற்செயலா ஆராவது இந்தப் பக்கத்தால வந்து, பெல்லை அடிச்சுப் பாத்து, நான் இல்லையெண்டு மனவருத்தப்படக் கூடாது. அதுதான் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லுறன். கோவிக்காதை என்ன."

"நான் ஏன் மச்சாள் கோவிக்கிறன்" என்றேன். என் குரல் எனக்கே ஆருடையதோ போல இருந்தது.

"தம்பிக்கும் சொல்லு. கார் கழுவுறாராக்கும்" என்றுவிட்டு வைத்தா.

அம்மன் கோயில் தேர் முடிந்து இரண்டு கிழமை. நேரடி ஒளிபரப்பில் நானே பார்த்தேன். வடம் பிடிக்கிற பெண்களுக்குள் மச்சாள் நின்றவ, மாம்பழக் கலரில் சேலை. கேர்பர் அம்மாவின் சனிக்கிழமை முடிவெட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. அவ பொய் சொன்னதும் என்னைக் காப்பாற்ற. அதற்குமேல் மன்னிப்பும் அவவே கேட்டுவிட்டா.

6

அன்று பின்னேரம் அபியிடம் சொன்னேன். அவள் முதலில், "அப்ப பிரச்சினை முடிஞ்சுது. மாமி இல்லைத்தானே" என்றாள்.

"தேர் முடிஞ்சுது பிள்ளை. அவவுக்குத் தெரிஞ்சிட்டுது."

அபி கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏன் எங்களைப் பேசேல்லை? போன முறை எத்தனை பேருக்கு முன்னால என்னைப் பேசினவ. உனக்கு எப்ப கலியாணம், உனக்கென்ன வயசு, லண்டனில ஒரு பெடியன் இருக்கு எண்டு. அப்ப வாய் இருந்ததுதானே?"

"அது உன்னில பாசம்."

"இதுவும் பாசம், அதுவும் பாசம். எல்லாம் பாசமெண்டால் எனக்கு எப்பிடி அம்மா வித்தியாசம் தெரியும்?"

எனக்கும் சூடு ஏறியது. "முத்திரைக்காக அவ வரிசையில நிண்டது உனக்குத் தெரியுமோ? ஆக்கிப் போட்ட கை அது. இருவத்தைஞ்சு வருசம் சாப்பிட்டுப்போட்டு இப்ப வாசலால கள்ளர் மாதிரிப் போகச் சொல்லுறாய்."

அபிக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும், சுவிஸ் ஜேர்மன் வந்துவிடும். எனக்கு அது வசதி. பாதி விளங்காது, பாதி விளங்காத மாதிரி இருக்கலாம். அன்றைக்குத் தமிழ் போகவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா, நீங்கள் மாமியைப் பாக்க எண்டு ஒரு நாளாவது கோட்டிங்கனுக்குப் போனீங்களோ? வேற எங்கயும் போகாமல், அவவிட்ட மட்டும்? ஒருக்காவும் இல்லை. எப்பவும் வேற ஆற்றயோ வீட்டுக்குப் போற வழியில. பாதி வழியில வீடு, காசில்லாத ஹோட்டல், காலமைச் சாப்பாட்டோட. எல்லா நாட்டில இருந்தும் நீங்கள் எல்லாரும் அப்பிடித்தான் போறீங்கள். நான் அவவை அப்பிடிப் பாவிக்க மாட்டன் எண்டு சொன்னன். இதில ஆர் கூடாத ஆள்?"

கௌதம் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன், சத்தம் போடாமல் சொன்னான்: "நாங்கள் அவவை எங்கயும் கூட்டிக்கொண்டு போகேல்லைத்தானே. எங்கட காரில அவ ஏறினதை நான் காணேல்லை."

ஆருக்காவது பதில் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இவர்தான் பேசினார். யன்னலைப் பார்த்துக்கொண்டு, தனக்குச் சொல்கிற மாதிரி. "அத்தான் செத்த அடுத்த வருசம். நாங்கள் டென்மார்க்குக்குப் போற வழியில நிக்கிறம். அக்கா கேட்டவ, கப்பலில ஏறிக் கடல் கடக்கிறதாமே தம்பி, கடல் பாத்து எவ்வளவு காலம் எண்டு. நான் அடுத்தமுறை பாப்பம் எண்டனான். காரில இடமில்லை எண்டும் சொன்னனான்."

காரில் இடம் இருந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. பின்சீற்றில் இரண்டு பிள்ளைகள், நடுவில் குளிர்ப்பெட்டி. குளிர்ப்பெட்டிக்குள் மச்சாள் கட்டித் தந்த புட்டும் இறைச்சிக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும். இவ்வளவு காலமும் எங்கள் காரில் அவவின் சாப்பாட்டுக்கு ஒரு சீற் இருந்தது. அவவுக்கு இருக்கவில்லை.

இத்தனை நாளும் நான் பட்ட குற்ற உணர்வு, அவவின் வாசலில் நிற்காமல் போகப் போகிறோமே என்பதற்கு. அன்று இரவு பாயில் சரிந்து யோசிக்க, நின்று போன நாட்கள்தான் குத்தின. தேசிக்காய் வைத்துவிட்டுத் தெருவோரம் நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பா. கார் மூலையில் திரும்பும். நாங்கள் பாட்டைப் போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு அவ என்ன செய்வா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மேலே ஏறிப்போய் மெத்தைகளை மடிப்பா. வேறென்ன.

7

இரண்டு நாள் அபி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வேலையில் நிற்கிற நேரம், எங்கள் நாலு பேருக்கும் இருக்கிற வட்ஸப் குழுவில் தகவல் விழுந்தது. குடில்களின் பதிவு மாற்றி வந்திருந்தது. எல்லாத்திலும் ஐந்து பேர். கீழே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாள், அவளுக்கு அப்படித்தான் வரும்: "கண்டிசன் ஒண்டு. கலியாணக் கதை இல்லை. கண்டிசன் ரெண்டு. கார்ப்பெற்றில ஒருத்தரும் படுக்கிறேல்லை."

இவர் அதற்கு ஒரு கும்பிடு படம் போட்டார். கார் கழுவுகிற நேரமாக இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரும் மட்டும் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே நான் எடுத்தேன். இவரைக் கையில் பிடித்துப் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் எடுத்தேன்.

"மச்சாள், தேர் முடிஞ்சுதெல்லோ."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னச் சிரிப்பு.

"முடிஞ்சுதுதான். நீ பாத்தனியோ? நான் நிண்டது தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது. மாம்பழக் கலர்ச் சேலை. வடிவா இருந்தது."

"அது போன வருசம் நீ தந்தது."

இவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, நாங்கள் நோர்வேக்குப் போறம். நீங்களும் வாறியள். காரில இடம் இருக்கு." அவ்வளவும் ஒரே மூச்சில். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பிள்ளை மாதிரி.

"விசரோ தம்பி. உது உங்கட கலியாண நாளுக்குப் பிள்ளையள் தாற பயணம். நான் என்னத்துக்கு நடுவில? நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ. நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"நினைச்சியள்" என்றேன் நான் பக்கத்திலிருந்து. "தேர் எண்டு சொன்னியள்."

"அது… உங்களுக்குச் சங்கடமாக் கூடாதெண்டு."

அபி அறையிலிருந்து வந்தாள். கையை நீட்டினாள். இவர் போனைக் கொடுத்தார். "மாமி, நான் ஐஞ்சு பேருக்குப் புக் பண்ணிட்டன். இனி மாத்தினால் காசு திருப்பித் தராங்கள்" என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லாரும் பழகிவிட்டோம்.

மச்சாளுக்குக் காசு வீணாகப் போவதைப் பொறுக்கமுடியாது. பிறகு கேள்விகள் வந்தன. கப்பலில் தலைசுத்திச் சத்தி வருமோ. கடல் கிட்டப் போய்க் கால் நனைக்கலாமோ, தூர நின்று பார்க்கிறதோ. அங்கே செருப்போடு நடக்கலாமோ, சப்பாத்துத்தான் போடவேணுமோ. கட்டில் காணாவிட்டால் தான் கீழே படுப்பன் என்றா. அபி மேலே முகட்டைப் பார்த்து மூச்சு விட்டுவிட்டு, "கட்டில் இருக்கு மாமி" என்றாள்.

இந்த இடத்தில், எல்லாம் சுபம் என்று எழுதிவிட்டு எழும்பலாம். எழுதக் கை வரவில்லை. கேட்ட கேள்விகளைப் பாருங்கள். இதெல்லாம் நேற்று வந்த கேள்விகளா? ஒவ்வொருமுறையும் நாங்கள் திரும்பி வருகிறபோது, சாப்பாடு போட்டுக்கொண்டு, "கடல் எப்பிடி இருந்தது?" என்று கேட்பா. "பெரிசா ஒண்டும் இல்லை மச்சாள்" என்று சொல்லிக்கொண்டு கையைக் கழுவப் போனது நான்தான். ஐந்து பேர் என்று பதிவை மாற்ற அபிக்கு இரண்டு நாள் எடுத்தது. எனக்கு அது ஒரு நாளும் தோன்றவில்லை.

போனைத் திரும்ப என்னிடம் தந்தார்கள். வைக்கப் போகிற நேரம் மச்சாள், "பிள்ளை, ஒண்டு" என்றா. குரலில் உண்மையான கவலை.

"நானும் காருக்குள்ள ஏறி இருந்தால், தேசிக்காயை ஆர் வைக்கிறது?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அவ பகிடிக்குக் கேட்கவில்லை. அந்தக் காருக்கு வெளியேதான் தன் இடம் என்று இத்தனை வருசமும் நினைத்து நின்றவ.

"நான் வைக்கிறன் மச்சாள். நீங்கள் உள்ளுக்க இருங்கோ."

இந்த ஒரு வசனத்தைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருசம் எடுத்திருக்கிறது.